செம்போத்தும் தண்ணி லாரி ஆப்பும்

கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் செம்போத்து என்றொரு புது ரக போன் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. எடுத்துப் பார்ப்பவர்கள், "பாட்டு ஆப் இல்லையா?" என்று கேட்டு அப்படியே வைத்துவிடுவார்கள். செம்போத்து பாட்டு ஆப்பைக் கூப்பிட்டாலோ, "உன்கிட்ட ஆளே இல்லையேப்பா, யாருக்குப் பாடுறது?" என்று அது கிண்டல் செய்யும்.

ஒருநாள் பொடி ஆப் ஒன்று தயங்கித் தயங்கி வந்து நின்றது. "அண்ணே, தண்ணி லாரி எந்த முனைக்கு வந்திருக்குன்னு சொல்வேன். வேற ஒண்ணும் தெரியாது. பெரிய போனுங்க சேர்க்க மாட்டேன்னுடுச்சுங்க."

"இங்கேதான் இடம் சும்மா கிடக்கே, முன்னாடியே உட்காரும்மா" என்றது செம்போத்து.

தினமும் லாரியைத் தவறவிட்டு வெறுங்குடத்தோடு திரும்பும் வடிவாம்பாள்தான் முதலில் வாங்கினாள். அவள் வீட்டுக் குடங்கள் நிரம்பி வழிவதைப் பார்த்து எதிர்வீட்டில் வாங்கினார்கள். மாதம் முடிவதற்குள் தெரு முழுக்க செம்போத்துதான்.

பாட்டு ஆப் குழைந்துகொண்டு வந்தது. "அண்ணே, எனக்கும் ஓர் இடம் கிடைக்குமா?"

செம்போத்துக்கு மனசு குளிர்ந்துபோனது. "தாராளமா வா தம்பி. ஒண்ணே ஒண்ணு. லாரி வந்துட்டா இந்தத் தங்கச்சி குரல் கொடுக்கும். அப்போ நீ வாயை மூடிக்கணும்."