இரவல் நாடி

விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிற எல்லோருக்கும் கையில் காப்பு உண்டு. அது நாடி பார்க்கும்; நெஞ்சு சரியில்லாதவரை வேலைக்கு விடாது. காலையில் பூட்டினால் சாயங்காலம்தான் கழலும். குருவையாவின் நெஞ்சு சரியில்லை. அதனால் அவர் காப்பையும் கூட மூட்டை தூக்கும் இளவட்டம் காளிராஜே தன் முழுக்கைச் சட்டைக்குள் மாட்டிக்கொள்வான். பேரம் படிந்த விலை, மதியம் குருவையா வீட்டு அயிரைமீன் குழம்பு.

அன்று குருவையா மூட்டையோடு சரிந்தார். காளிராஜ் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் தட்டி அவருக்கு மாத்திரை கேட்டான்.

“குருவையா நலமாக இருக்கிறார். மாத்திரை தேவையில்லை,” என்றது பெட்டி.

“நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. நலமாம்ல.”

பெட்டி காப்பைத்தான் நம்பும், காளிராஜை அல்ல. அவன் மூட்டை அடுக்கின்மேல் ஓடி ஏறினான், இறங்கினான், வத்தல் நெடியில் இருமிக்கொண்டே மறுபடி ஏறினான். நாடி எகிறியது; காளிராஜ் வயதுக்கு அது சாதாரணம், குருவையா வயதுக்கு ஆபத்து.

“குருவையாவுக்கு ஆபத்து,” என்று அலறியபடி பெட்டி திறந்தது. மாத்திரையை எடுத்து அவர் நாக்கின் அடியில் வைத்தான்.

கொஞ்ச நேரத்தில் குருவையா கண் திறந்தார். “ஏன்டா இப்படி மூச்சு வாங்குற?”

“ஒங்களுக்கு நெஞ்சுவலிண்ணே.”

“குருவையா இனி மூட்டை தூக்கக் கூடாது. நாளை முதல் அனுமதி இல்லை,” என்றது பெட்டி.

குருவையா அவனையே பார்த்தார். “அடப்பாவி, கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கக் கூடாதா?”