மப்ளர்

கழுத்தில் சிறியதாக ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்பட்ட அன்றே தனுஷ்கோடி மப்ளர் சுற்றிக்கொண்டார். மறுநாள் அதன் நுனியில் இன்னொன்றை முடிந்து சுற்றினார். அப்படியே தினமும் சுற்றியதில், கல்யாண வீட்டில் சம்பந்தி போட்ட மாலை கழுத்துக்கு இறங்காமல் காதிலேயே நின்றுவிட்டது.

"டாக்டர்ட்ட போனா அதுக்கு ஒரு பேரு வச்சிருவாரு, மரகதம். பேரு வைக்காத வரைக்கும் அது ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இம்புட்டு கம்பளி?" என்று மனைவி நுனியைப் பிடித்து இழுத்தாள். அவர் பம்பரமாகச் சுழன்றார். கம்பளி கூடத்தை நிறைத்து, வாசல் தாண்டி, தெருமுனை டீக்கடை வரை போயிற்று. கடைசிச் சுற்றில் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"இத நீங்களே கழட்டுங்க. நான் இங்கனதான் நிக்கேன்."

கழற்றினார். வெற்றுக் கழுத்தில் காற்று பட்டதும் கூச்சத்தில் சிரித்துவிட்டார். பிறகு கட்டியை மெல்லத் தொட்டுப் பார்த்தபடி கேட்டார்:

"அந்த டாக்டரு எத்தன மணிக்கு வருவாரு?"