மூடியும் போகாத விண்டோ

ஸ்ஃபாக்ஸ் நகரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் எழுதிய நோயாளிப் பதிவு மென்பொருள் மதியத்துக்குள் மூச்சுமுட்டி நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்கள் கத்துவார்கள். மூடிய விண்டோக்கள் மெமரியை விட்டுப் போகாததுதான் காரணம். அவற்றைப் பிடித்துவைத்திருந்த டைமரை இன்று காலை கண்டுபிடித்துவிட்டேன்!

“கதவைச் சாத்திட்டு மணியை நிறுத்த மறந்துட்டியேடா வஜ்தி!” என்று பக்கத்து நாற்காலி ஷிராஸ் சிரித்தாள். “சரியாச்சுன்னா ஒரு டப்பா மக்ரூத் இனிப்பு என் செலவு.”

டைமரை நிறுத்தும் வரியைச் சேர்த்தேன். பதிவு விண்டோவைத் திறந்து திறந்து மூடினோம். பிறகு அந்த நொடியில் மெமரிக்குள் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் படம் ஒன்றை எடுத்தோம். ஒன்றைத் தவிர எல்லா விண்டோக்களும் போயிருந்தன.

“அதை யாரு பிடிச்சிருக்கா?” என்றாள் ஷிராஸ்.

“யாருமே இல்ல!” என்றேன். மூடிக் கிடந்த அந்த விண்டோவுக்குள் பார்த்தேன். நோயாளி பெயர் என்ற கட்டத்தில் ‘ஷி’ என்று இருந்தது.

“நான் எதையும் தட்டலைடா. இன்னொரு படம் எடு, சீக்கிரம்!”

இப்போது ‘ஷிராஸ்’ என்று இருந்தது.

“என் பேருடா!” அவள் துள்ளி எழுந்தாள். “விடாத, எடு, எடு!”

மூன்றாவது படத்தில் அவளுடைய வயது சரியாக இருந்தது. வார்டு என்ற கட்டமும் நிரம்பியிருந்தது. ‘கூட வந்தவர்’ என்ற கட்டத்தில் ‘வ’ மட்டும் விழுந்திருந்தது.