கடைசித் துண்டு

இணையத்தில் ஆளுக்காள் துண்டுதுண்டாகப் பங்கிட்டுக்கொள்ளும் டோரண்டில், ஒரு பழைய துப்பறியும் படத்தின் பதிவிறக்கம் நான்கு நாட்களாகத் தொண்ணூற்றொன்பது சதவீதத்திலேயே நின்றது. காத்திருந்த நாற்பத்தொரு பேரிடமும் அதே கடைசித் துண்டுதான் இல்லை. முழுப் படமும் வைத்திருந்த ஒரே ஆள் கணினியை அணைத்துவிட்டுப் போய்விட்டான். “நீயெல்லாம் நல்லா இருப்பியா?” என்று, காத்திருந்தவர்களில் ஒருவரான பூவராகன் பின்னூட்டத்தில் எழுதினார். ஐந்தாம் நாள் அவன் ஒரு நிமிடம் இணைப்பில் எட்டிப்பார்த்தான். துண்டு பூவராகனுக்கு மட்டும் கிடைத்தது. அந்தத் துண்டை ஓட்டிப் பார்த்தார். கறுப்புத் திரையில், படம் முடிந்ததும் போடும் ‘வணக்கம்’ மட்டும் இருந்தது. அதற்குள் அவரிடம் நூறு சதவீதம் இருப்பதைப் பார்த்துப் பின்னூட்டங்கள் குவிந்தன. “சார், நீங்களும் போயிடாதீங்க!” “தெய்வமே, கடைசியில என்ன ஆகுது?” அலுவலகத்தில் முப்பது வருடமாக அவரை யாரும் சார் என்றதில்லை. “யாருமே எதிர்பார்க்க மாட்டீங்க” என்று எழுதிவிட்டு, பூவராகன் கணினியை அணைத்தார்.