மெதுவாக ஒரு பாங்கு

எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த மகளை நர்ஸ் ஹேமாவதி எடுத்து ஷாகுலின் வெற்று மார்பில் கவிழ்த்துப் படுக்க வைக்கிறாள். காலையில் தாய் மெஹ்னாஸ் அணைத்திருந்தாள். இப்போது அப்பாவின் முறை. "உங்க உடம்புச் சூடுதான் இவளுக்கு வேணும், அண்ணா." "காதுல பாங்கு சொல்லணும் சிஸ்டர், பொறந்தன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்கிறான். வார்டே திரும்பிப் பார்க்கிறது. ராஜகீழ்ப்பாக்கத்துக் கட்டடங்களில் டைல்ஸ் வெட்டும் மெஷினோடு கத்திப் பேசியே பழகிய தொண்டை அது. "சொல்லுங்க. ஆனா மெதுவா." ஜன்னல் வெயில் குழந்தையின் கம்பளித் தொப்பியில் விழுகிறது. அவன் குனிந்து, தனக்கே கேட்காத குரலில் அந்தத் தொழுகை அழைப்பைத் தொடங்குகிறான். பாதியில் நிறுத்தி, நழுவும் தொப்பியைச் சரிசெய்கிறான். நெல்லிக்காய் அளவு கை ஒன்று அவன் மார்பு முடியைப் பற்றி இழுக்கிறது. "இரும்மா, சொல்றேன்" என்கிறான் ஷாகுல்.