நான்காம் குழாய்

நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன.

தெரியக்கூடாது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஏழு புள்ளிகள். ஏழும் அப்படியே ஒளிர்ந்தன.

மூன்று வருடமாக அவள் உருவாக்கிவரும் நானோ துகள் அது. புற்றுக்கட்டியின் செல் எங்கே ஒளிந்திருந்தாலும் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிரும். நல்ல செல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதல் மூன்று குழாய்களில் இருந்தது நோயாளிகளின் ரத்தம். அவை ஒளிர்ந்தது சரி. நான்காவது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான நல்ல ரத்தம்.

நல்ல ரத்தம் கேட்டு ஆஸ்பத்திரிக்கு எழுதிப்போட்டால் வந்துசேர மாதக்கணக்காகும். அதனால் அந்த ஆய்வகத்திலேயே யாராவது கையை நீட்டிவிடுவார்கள். குழாயில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான்.

இந்த முறை நீட்டியது அவள்.



திரும்பச் செய்தாள். ஒளிர்ந்தது. புதிதாக ரத்தம் எடுத்துச் செய்தாள். பாழாய்ப்போனது, அப்போதும் ஒளிர்ந்தது.

கடவுளே, என் துகள் தோற்றுப்போகட்டும். மூன்று வருட உழைப்பும் வீணாகட்டும், பரவாயில்லை.

பேராசிரியர் ஞானப்பிரகாசம் வந்து பார்த்தார். நான்காம் குழாய் கெட்டுப்போயிருக்கும், வேறு ஆள் ரத்தத்தில் செய்து பார்க்கலாம் என்றார். யாருடைய ரத்தம் என்று கேட்கவில்லை. டெக்னீஷியன் ஹமீது சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் ஆகும். அவள் நகத்தையெல்லாம் கடித்துத் தீர்த்தாள். ஹமீதின் ரத்தமும் ஒளிர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பது நினைவுக்கு வந்ததும் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஒளிரவில்லை. ஒரு புள்ளி கிடையாது.

பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. இது பொய்யே சொல்லாது, இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது என்றார். கட்டுரையை இன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். போகிற போக்கில், அந்த நான்காம் குழாயைக் கொட்டிவிடச் சொன்னார்.

அவள் கொட்டவில்லை.

"அது என் ரத்தம் சார்."

 அவர் நான்காம் குழாயின் ஸ்லைடைத் தானே எடுத்துவைத்துக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"நம்ம துகள்லதாம்மா ஏதோ கோளாறு," என்றார்.