மூடியில் அடித்த எண்

மேனேஜர் அந்த மூடியை மேசைமேல் வைத்தார்.

தண்ணீர் பாட்டிலின் ஸ்டீல் மூடி. கரி பிடித்து, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. உலை வெடித்தபோது பறந்துபோய்ச் சுவரோரம் மணலில் விழுந்து கிடந்ததாம். பாட்டிலில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

"நம்பர் அடிச்சவன் நீதானே. யாருதுன்னு பாத்துச் சொல்லு."

சுவரை ஒட்டி ஒட்டகத்தின் மனைவி நின்றிருந்தாள்.

ஒட்டகம் எங்கள் உலைக்காரன். ஒரே மூச்சில் ஒரு பாட்டில் தண்ணீரைக் காலி செய்வான் என்பதால் நாங்கள் வைத்த பெயர். அவன் செத்து நான்கு நாள் ஆகிறது.

மூடிய எதுவும் உலைக்குள் போகக் கூடாது. இரும்பு வார்க்கும் பவுண்டரியில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதுதான். உள்ளே ஒரு மடக்குத் தண்ணீர் இருந்தால் போதும், உருகிய இரும்பு வெடிகுண்டாகிவிடும். அதனால் பழைய இரும்புக் குவியலில் டப்பாவோ குழாயோ எது கிடந்தாலும் சுத்தியலால் ஓட்டை போட்டுத்தான் கூடையில் போடுவோம். கூடை நிரப்புவது என் வேலை. அதை மேடையில் நின்று உலைக்குள் கவிழ்ப்பது அவன் வேலை.

பிளாஸ்டிக் பாட்டில் இருந்த காலத்தில் இந்தத் தொல்லையே இல்லை. குவியல்மேல் வைத்தால் நீல மூடியோடு பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். அரைக் கண்ணால் பார்த்தாலும் தெரியும்.

போன மாதம் வாசலில் பைகளைச் சோதித்து அத்தனையையும் பிடுங்கினார்கள். சரக்கு வாங்குகிற கம்பெனி பிளாஸ்டிக்கே ஆகாது என்றதாம். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் கொடுத்தார்கள்.

"இனிமே நாம பூமியைக் காப்பாத்துறோம்" என்றார் மேனேஜர்.

"அப்படியே எங்களையும் காப்பாத்துங்க சார், ஃபேன் ஓடி மூணு மாசமாச்சு" என்றான் ஒட்டகம். மேனேஜரைத் தவிர எல்லோரும் சிரித்தோம்.

எல்லா பாட்டிலும் ஒன்றுபோலவே இருந்ததால் மூடிக்கு மூடி எண் அடிக்கச் சொன்னார்கள். எண் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. நாற்பதைத் தாண்டி எழுத்துக் கற்றவன் நான். அந்த வேலையை வேறு ஒருவனையும் தொடவிடவில்லை.

ஒட்டகத்துக்கு ஒன்பது.

ஸ்டீல் பாட்டில் பளபளப்பெல்லாம் இரண்டு நாள்தான். அப்புறம் குவியலில் வைத்தால் இரும்போடு இரும்பு.

"சூடு தாங்காம கீழ எறங்கி வந்து, குவியல்மேல உக்காந்து குடிச்சிருப்பான்" என்றார் மேனேஜர், மேசைமேல் இருந்த மூடியைக் காட்டி. "மறந்து விட்டுட்டுப் போயிருப்பான்."

"அவரு பாட்டிலை மேடையிலதான் வெப்பாரு சார். கீழ எடுத்துட்டே வர மாட்டாரு." அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியாதாண்ணே?"

தெரியும். ஆனால் மேடையில் இருந்ததெல்லாம் வழிந்த இரும்போடு போய்விட்டது. அவனே பாதிதான் கிடைத்தான்.

"அப்போ இது யாருதும்மா? ஒருத்தர் விடாமக் கேட்டாச்சு. தொலைச்சேன்னு ஒருத்தனும் சொல்லல." மேனேஜர் குரலை இறக்கினார். "வேற ஆளு தப்புன்னா கம்பெனி பொறுப்பு. வீடு உன்கிட்டயே இருக்கும், உனக்கு இங்கயே ஒரு வேலையும் உண்டு. அவன் தப்புன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ரூல் அப்படி."

மூடியைக் கையில் எடுத்தேன். கரியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கட்டைவிரலால் தடவினேன். அச்சு விழுந்த பள்ளம் விரலுக்குத் தெரிந்தது.

"அவசரமில்ல" என்றார் மேனேஜர். "நல்லாத் தடவிப் பாரு."

"அண்ணன் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள்.

"ஒன்பது" என்றேன்.

அவள் அழவில்லை.

"பாவி மனுஷன்" என்றாள். "ஒரு பாட்டிலைப் பத்திரமா வெச்சுக்கத் தெரியல."

மேனேஜர் நீட்டிய தாளில் பெருவிரலை உருட்டினாள். மையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"அவரால உங்க உசுரும் போயிருக்குமேண்ணே. மனசுல வெச்சுக்காதீங்க."

"சேச்சே, போம்மா" என்றேன்.

அவள் போனதும் மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தினார். கரி மூடியை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார். அலமாரியைத் திறந்து புது ஸ்டீல் பாட்டில் ஒன்றை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"நாலு நாளா கொழாயில வாயை வெச்சுத்தான் குடிக்கிற. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

"உன் நம்பர் இருபத்தாறுதானே? நீயே அடிச்சுக்க."

பட்டறைக்குப் போய் அச்சை எடுத்து மூடியில் அடித்தேன். இரண்டும் ஆறும் முதல் தடவையைவிட நேராக விழுந்தன.